யார் பெயரில்? குடும்பச் சொத்தும் வருமான வரியும்

அப்பாவின் காரியம் முடிந்த கையோடு ஆடிட்டரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "டெபாசிட், வீடு எல்லாம் எங்க பேருக்கு வருதே, இதுக்கு எவ்வளவு சார் வரி?" ஒரு ரூபாயும் இல்லை என்பதுதான் பதில். இந்தியாவில் வாரிசுரிமையாக வரும் சொத்துக்கு வரி கிடையாது. உயில் மூலம் வந்தாலும் சரி, உயில் இல்லாமல் வந்தாலும் சரி, முப்பது லட்சமானாலும் முப்பது கோடியானாலும் சரி.

இந்தப் பதிலைக் கேட்டு நிம்மதியாக எழுந்து போகிறவர்களில் சிலர்தான் இரண்டு வருடம் கழித்து நோட்டீஸோடு திரும்பி வருகிறார்கள். சொத்து கைமாறியதற்குத்தான் வரி இல்லை. கைமாறிய பிறகு அது தரும் வட்டிக்கும் வாடகைக்கும் வரி உண்டு. விற்றால் வரும் லாபத்துக்கும் உண்டு. அந்த வரியை யார் கட்டுவது, எவ்வளவு கட்டுவது என்பதெல்லாம் பெரும்பாலும் எது யார் பெயரில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. குடும்பத்துக்கான வரித் திட்டமிடல் என்று பெரிதாகப் பேசப்படுவதில் பாதிக்கு மேல் இந்தப் பெயர் விவகாரம்தான். உயிரோடு இருக்கும்போது வரி மிச்சம் என்று ஒருவர் பெயரில் போட்டுவைத்தது, அவர் போன பிறகு வேறொரு கணக்கைத் திறந்துவிடுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு.

சாவுக்கு வரி இல்லாத இந்த நிலைமை எப்போதும் இருந்ததல்ல. 1953இல் எஸ்டேட் டியூட்டி சட்டம் வந்தது. இறந்தவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்தின் மதிப்பின் மேல் அந்த வரி விழும். உச்ச விகிதம் ஒரு கட்டத்தில் 85 சதவீதம் வரை போனது. டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த 1957இல், வைத்திருக்கும் மொத்தச் சொத்தின் மேல் விழும் வெல்த் டாக்ஸ் சட்டமும் அடுத்த ஆண்டு நன்கொடை வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டன. சம்பாதித்தால் ஒன்று, வைத்திருந்தால் ஒன்று, கொடுத்தால் ஒன்று, செத்தால் ஒன்று என்று நான்கு பக்கமும் வேலி. ஆனால் எஸ்டேட் டியூட்டியில் வழக்குகள்தான் பெருகின, வசூல் பெருகவில்லை. 1985 மார்ச் 16 முதல் நிகழும் மரணங்களுக்கு அது கிடையாது என்று ராஜீவ் காந்தி அரசின் நிதியமைச்சர் வி.பி.சிங் அதை எடுத்துவிட்டார். நன்கொடை வரி 1998 அக்டோபரோடு போனது, வெல்த் டாக்ஸ் 2015 பட்ஜெட்டோடு போனது. 2024 தேர்தல் நேரத்தில் வாரிசு வரி திரும்ப வரும் என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. எதுவும் வரவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டன. இங்கே பேசப்போகும் அடிப்படைகள் பெரிதாக மாறவில்லை. எல்லோர் வாயிலும் பழைய எண்களே புழங்குவதால் நானும் அவற்றையே எழுதுகிறேன்.

வீட்டுக்குள் கொடுக்கல் வாங்கல்

நன்கொடை வரி போன பிறகு வேறொரு வாசல் வழியாக அது பாதி திரும்பி வந்தது. ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா பணம் வந்தால், மொத்தமும் வாங்கியவரின் வருமானம். உறவினரிடமிருந்து வந்தால் விலக்கு. உறவினர் யார் என்பதற்குச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர், நேர் வழியில் மேலே பாட்டன் பாட்டி, கீழே பிள்ளை பேரன், இவர்களுடைய துணைகள். நம் வீட்டுக் கணக்கில் மாமா, சித்தப்பா, அத்தை, பெரியம்மா எல்லோரும் இதில் அடக்கம். சித்தப்பா மகனும் மாமா மகளும் இல்லை.

இந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. மாமா மருமகனுக்கு, அதாவது தங்கை மகனுக்கு, பத்து லட்சம் கொடுத்தால் வரி இல்லை. பையனின் தாயாரின் உடன்பிறந்தவர் அவர். நன்றாகச் சம்பாதிக்கும் அதே பையன் வயதான மாமாவின் மருத்துவச் செலவுக்கென்று பத்து லட்சம் கொடுத்தால், மாமாவின் பட்டியலில் தங்கை மகன் இல்லை. சட்டப்படி அது மாமாவின் வருமானம். அந்தப் பணத்தைத் தன் அம்மாவுக்குக் கொடுத்து, அம்மா தன் அண்ணனுக்குக் கொடுத்தால் இரண்டு கையிலும் விலக்கு. ஒரே வீட்டுப் பணம் ஒரு கை சுற்றி வந்தால் போதும்.

மொய்க்கும் இதே விதிதான். திருமணத்தின்போது மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு, கொடுத்தவர் யாரானாலும் விலக்கு உண்டு. காதுகுத்து, புதுமனைப் புகுவிழா, ஆடி மாத மொய் விருந்து எதற்கும் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்று ஊரே ஒப்புக்கொள்ளும், வரித்துறையின் படிவத்தில்தான் அதற்கு இடமில்லை.

வாங்கியவருக்கு வரி இல்லை என்றதும், கொடுத்ததன் வருமானமும் அவரோடு போய்விட்டது என்று நினைப்பதுதான் அடுத்த சறுக்கல். மனைவி பெயரில் கணவன் 40 லட்சம் டெபாசிட் போடுகிறார், 7 சதவீத வட்டி. ஆண்டுக்கு 2.8 லட்சம். அன்பளிப்புக்கு வரி இல்லை. ஆனால் அந்த 2.8 லட்சம் கணவனின் வருமானத்தில்தான் சேரும். ஆடிட்டர்கள் கிளப்பிங் என்று சொல்வது இதைத்தான். பழைய சட்டத்தில் பிரிவு 64. மைனர் பிள்ளையின் பெயரில் போட்டாலும், மருமகள் பெயரில் போட்டாலும் இப்படித்தான். வினோதம் என்னவென்றால், மகனின் மனைவிக்குக் கொடுத்தால் சேர்க்கும் சட்டம் மகளின் கணவனுக்குக் கொடுத்தால் சேர்ப்பதில்லை. மருமகனுக்குக் கொடுத்து வரி மிச்சம் பிடிக்கும் மாமனார்களை நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். கிளப்பிங்கிலும் ஒரு சின்னத் தளர்வு இருக்கிறது. வட்டிதான் சேரும், அந்த வட்டியை மனைவி மறுபடி முதலீடு செய்து அதில் வருவது அவருடைய சொந்த வருமானம். இருபது வருடத்தில் இது சின்னத் தொகையாக இருக்காது, தனிக் கணக்காக வைத்திருந்தால் மட்டும்.

பெற்றோருக்கோ பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைக்கோ கொடுத்தால் கிளப்பிங் கிடையாது. இதனால்தான் நிறையச் சம்பாதிக்கும் மகன், வேறு வருமானம் இல்லாத அம்மா பெயரில் டெபாசிட் போடுவது நடுத்தர வீடுகளில் மிகப் பரவலாக இருக்கிறது. மேலே சொன்ன அதே 40 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். மகன் பெயரில் இருந்தால், 30 சதவீத வரம்பில் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 87,360 ரூபாய் வருடந்தோறும் வரி. அம்மா பெயரில் இருந்தால், புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. தனக்கு வரி வராது என்று மூத்த குடிமக்கள் எழுதிக் கொடுக்கும் 15எச் படிவத்தைக் கொடுத்தால், வங்கி டிடிஎஸ், அதாவது வட்டி தரும்போதே கழித்துக்கொள்ளும் வரி, பிடிப்பதும் இல்லை. பத்து வருடத்தில் எட்டரை லட்சத்துக்கு மேல் மிச்சம். சட்டப்படி சரி, கணக்கும் சரி.

அம்மா உயில் எழுதாமல் காலமாகிவிட்டால்? அப்பா முன்பே போய்விட்டார், இரண்டு மகன், ஒரு மகள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அந்த 40 லட்சம் மூவருக்கும் சமம். போட்ட மகனுக்குக் கிடைப்பது 13.33 லட்சம். "என் பணம், அம்மா பேர்ல சும்மா போட்டது" என்று அவர் சொல்லலாம். அப்படிச் சொன்னால், இத்தனை வருடம் அது அம்மாவின் வருமானம் என்று காட்டியது பொய்யாகிவிடும். வரித்துறையிடம் அன்பளிப்பு என்றும் தங்கையிடம் என் பணம் என்றும் ஒரே தொகையைச் சொல்ல முடியாது. எட்டரை லட்சத்தை மிச்சம் பிடித்து 26 லட்சத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்கிற இந்தக் கணக்கை, டெபாசிட் போடும் நாளில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. அம்மா நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு உயில் எழுதச் சொல்ல மகனுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலைதான் இது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் செல்லும். பதிவு செய்துவைத்தால் பின்னால் பேச்சு குறையும்.

கூட்டுக் குடும்பத்துக்கு, அதாவது எச்.யு.எஃப்.புக்குத் தனி பான் வாங்கி இன்னொரு வரி வரம்பு பெறுவது ஒரு காலத்தில் பெரிய உத்தி. இப்போது அதில் சாரம் குறைந்துவிட்டது. புதிய முறையில் தனிநபருக்கு 12 லட்சம் வரை வரியை இல்லாமல் ஆக்கும் தள்ளுபடி எச்.யு.எஃப்.புக்குக் கிடையாது. சொந்தப் பணத்தை அதில் போட்டால் கிளப்பிங். அப்பா சம்பாதித்த சொத்து அவர் இறந்ததும் தானாகக் கூட்டுக் குடும்பச் சொத்தாகிவிடும் என்ற நம்பிக்கையும் இன்னும் உலவுகிறது. 1956க்குப் பிறகு அப்படி இல்லை, மகனுக்கு அது தனிச் சொத்தாகவே வருகிறது என்று உச்ச நீதிமன்றம் 1986லேயே சொல்லிவிட்டது. ஏற்கெனவே நடக்கிற எச்.யு.எஃப். இருந்தால் நடக்கட்டும், புதிதாக ஒன்று தொடங்க இன்றைக்குப் பெரிய காரணம் தெரியவில்லை.

இறந்தவரின் கடைசி ரிட்டர்ன்

ஒருவர் 2026 மே மாதம் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம், வங்கி வட்டி, ஒரு வீட்டு வாடகை. அவர் பெயரில் இரண்டு ரிட்டர்ன் பாக்கி இருக்கிறது. முதலாவது, 2025-26 நிதியாண்டு முழுவதற்கும். அதை ஜூலை 31க்குள் போட வேண்டும், ஆனால் அவர் அதற்குள் போய்விட்டார். இரண்டாவது, ஏப்ரல் 1 முதல் இறந்த தேதி வரைக்கும்; இது அடுத்த ஆண்டு போடுவது. குடும்பங்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது முதலாவதை. துக்க வீட்டில் ஜூலை 31 யாருக்கு நினைவிருக்கும்? சட்டம் துக்கம் பார்ப்பதில்லை, தாமதக் கட்டணம் வழக்கம்போல விழும்.

இரண்டாவது ரிட்டர்னில் ஒரு நல்ல செய்தி. அவர் ஒன்றரை மாதம்தான் இருந்தார் என்பதற்காக வரி வரம்பை விகிதப்படி குறைப்பதில்லை. முழு 4 லட்சமும் 12 லட்சம் வரையான தள்ளுபடியும் அந்தச் சிறு காலத்துக்கும் அப்படியே உண்டு. டிடிஎஸ் பிடித்திருந்தால் பெரும்பாலும் ரீஃபண்டே வரும். அதை வாங்க வேண்டுமானால் ரிட்டர்ன் போட்டாக வேண்டும்.

யார் போடுவது? வாரிசுகளில் ஒருவர் வருமான வரித் தளத்தில் தன் பான் கொண்டு உள்ளே போய், இறந்தவரின் சட்டப்பூர்வ வாரிசாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இறப்புச் சான்றிதழ், இருவர் பான், வாரிசு என்பதற்கான ஆதாரம் தேவை. தமிழ்நாட்டில் வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் கொடுக்கிறார். இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம். அது வரத் தாமதமானால் பதிவு செய்த உயில், அரசின் குடும்ப ஓய்வூதிய ஆணை, நாமினி யார் என்று வங்கி தரும் கடிதம் ஆகியவற்றில் ஒன்றும் ஏற்கப்படுகிறது.

நடைமுறையில் நடப்பது வேறு. அப்பாவின் கடவுச்சொல் மகனுக்குத் தெரியும், அப்பாவின் போன் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, ஓடிபி அதில் வரும். அவர் உயிரோடு இருப்பதுபோலவே ரிட்டர்னைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஏடிஎம் அட்டையும் அதே இழுப்பறையில்தான். மாதாமாதம் ஓய்வூதியம் வந்து விழ விழ எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டும் தவறு. இறந்தவர் இறந்த பிறகு ரிட்டர்னைச் சரிபார்த்து உறுதிசெய்ய முடியாது. கூடுதலாக வந்த ஓய்வூதியத்தைக் கருவூலம் திரும்பக் கேட்கும். அதே சமயம், அந்த சிம் கார்டை அவசரப்பட்டு விட்டுவிடவும் கூடாது. பல மாதம் ரீசார்ஜ் செய்யாத எண் வேறொருவர் கைக்குப் போகும். வரித்துறையும் வங்கியும் அனுப்பும் செய்திகள் யாரோ ஒருவருக்குப் போய்ச் சேரும். எல்லா இடத்திலும் வாரிசின் எண்ணைக் கொடுத்த பிறகு விடலாம்.

இறந்தவர் பெயருக்கே நோட்டீஸ் வருவதும் உண்டு. அப்படி இறந்தவர் பெயரில் அனுப்பிய மறுமதிப்பீட்டு நோட்டீஸ் செல்லாது, மரணத்தைத் துறைக்குத் தெரிவிக்கும் கடமையும் வாரிசுக்குச் சட்டத்தில் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. இதை நம்பிச் சும்மா இருந்துவிட வேண்டாம் என்பேன். வாரிசுப் பதிவைச் செய்துவிட்டால் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டிய வேலையே இல்லை. அப்பாவின் பழைய வரிப் பாக்கி மலைபோல் இருந்தாலும் பயப்பட வேண்டாம். அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் வாரிசின் பொறுப்பு, சொந்தக் கையிலிருந்து கட்டத் தேவையில்லை. அப்பாவுக்குப் பங்குச் சந்தையில் வந்த பழைய நஷ்டத்தை வாரிசு தன் லாபத்தில் கழிக்க முடியாது என்பது இதன் மறுபக்கம். அந்த நஷ்டம் அவரோடு முடிந்தது.

வங்கி டெபாசிட்டில்தான் அதிகக் குழப்பம். இறந்த தேதிக்குப் பிறகு ஓடும் வட்டி இறந்தவருடையது அல்ல. ஆனால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அப்பாவின் பான் எண்ணிலேயே டிடிஎஸ் பிடித்துக்கொண்டிருக்கும். வட்டி வாரிசின் கணக்கில், பிடித்த வரி அப்பாவின் கணக்கில் என்று இரண்டும் பிரிந்துவிடும். அப்பா கொடுத்த 15எச் அவரோடு காலாவதி. முதிர்வில் மொத்தமாக வட்டி தரும் டெபாசிட்டாக இருந்து, அப்பா ஆண்டுதோறும் வட்டியைக் காட்டாமல் விட்டிருந்தால், ஐந்து வருட வட்டியும் வாரிசின் ஒரே வருட வருமானமாக வந்து நிற்கும். வரித்துறையின் வருடாந்தரத் தகவல் அறிக்கையில் அது யார் பெயரில் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ரிட்டர்ன் போட உட்கார வேண்டும்.

அதில் பெரும்பாலும் நாமினியின் பெயர் ஏறியிருக்கும். மூத்த மகன் நாமினி, 40 லட்சம் அவர் கணக்குக்கு வந்தது, ஆகவே அது அவருடையது என்று அவரும் நினைக்கிறார், வரித்துறையும் நினைக்கிறது. சட்டம் அப்படி நினைக்கவில்லை. நாமினி வாங்கி வைத்துக்கொள்பவர், உரிமை வாரிசுகளுக்கு. பங்குகளுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் இதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். இருக்கிற நாமினேஷனை மாற்றி எழுத ஒரு நடை வங்கிக்குப் போனால் போதும், பலர் போவதில்லை.

காப்பீட்டில் மரணத்துக்காக வரும் தொகைக்கு வரி இல்லை, பிரீமியம் எவ்வளவு கட்டியிருந்தாலும். வருங்கால வைப்பு நிதிக்கும் இல்லை. குடும்ப ஓய்வூதியத்துக்கு உண்டு. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அது கழியும். பழைய முறையில் 15,000. மீதி வருமானம். குடும்ப ஓய்வூதியத்தில் டிடிஎஸ் பிடிப்பதில்லை என்பதால் வரியே இல்லை என்று பல அம்மாக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 12 லட்சம் தள்ளுபடியால் இன்று பெரும்பாலோருக்கு வரி வராது, ஆனால் மொத்த வருமானம் 4 லட்சம் தாண்டினால் ரிட்டர்ன் போட வேண்டும்.

பாட்டியின் பங்கு

வாடகை வீட்டை எடுத்துக்கொண்டால், அப்பா போன மாதத்திலிருந்து வாடகை அம்மாவின் கணக்குக்கு வரும், அவரே காட்டிக்கொள்வார் என்பது எல்லா வீட்டிலும் வழக்கம். உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொத்து, மனைவி, மகன், மகள், தாயார் ஆகிய எல்லோருக்கும் சம பங்கு. பங்கு நிர்ணயமாகிவிட்டதால் வாடகையும் அவரவர் பங்குக்கு அவரவர் வருமானம். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மீதி. இஸ்லாமியர்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டம்.

இந்துக் குடும்பங்களில் எல்லோரும் மறப்பது அந்தத் தாயாரை. அப்பா 58 வயதில் இறக்கிறார், அவருடைய அம்மா 82 வயதில் உயிரோடு இருக்கிறார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், பாட்டி: நால்வருக்கும் கால் பங்கு. அப்போது யாரும் பேசுவதில்லை. நான்கு வருடத்தில் பாட்டியும் போகிறார். அவருடைய கால் பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகிறது. அதாவது இறந்துபோன அப்பாவின் பிள்ளைகளோடு சித்தப்பாவுக்கும் அத்தைக்கும். வீட்டை விற்கலாம் என்று ஒரு நாள் முடிவெடுத்து வில்லங்கச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கும்போது, வாங்குகிறவரின் வக்கீல் கேட்பார்: "அத்தை கையெழுத்து எங்கே?" பாட்டி இருக்கும்போதே தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவரிடமிருந்து ஒரு விடுதலைப் பத்திரமோ செட்டில்மென்ட்டோ எழுதி வாங்கியிருந்தால் வரியும் இல்லை, வம்பும் இல்லை, பேரப்பிள்ளைகள் அவருக்கு உறவினர் பட்டியலில் இருக்கிறார்கள்.

விற்கிறபோதுதான் உண்மையான வரி வருகிறது. வாரிசாக வந்த சொத்துக்கு நீங்கள் விலை கொடுக்கவில்லை, ஆகவே விற்ற பணம் முழுவதும் லாபமா? இல்லை. முன்பு விலை கொடுத்து வாங்கியவர் கொடுத்த விலையே உங்கள் அடக்கவிலை, அவர் வைத்திருந்த காலமும் உங்கள் காலத்தோடு சேரும். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதாக இருந்தால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். நிலம், கட்டடத்துக்கு அந்த மதிப்பு அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. 2001இல் அந்தத் தெருவுக்கு வழிகாட்டி மதிப்பு என்ன என்பதற்கு ஒரு தாள் கையில் இருந்தால் லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும்.

2024 ஜூலை 23 முதல் இதில் ஒரு புதுக் கணக்கு. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, அதாவது நெடுநாள் வைத்திருந்த சொத்தை விற்று வரும் லாபத்துக்கு, 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. அந்தத் தேதிக்கு முன்பே கைக்கு வந்த நிலமும் வீடும் என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்குப் பழைய வழியும் திறந்திருக்கிறது: விலையைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்தி, மீதிக்கு 20 சதவீதம். எது குறைவோ அது. தாத்தா 1985இல் வாங்கிய மனை, 2001இல் 3 லட்சம், 2025-26இல் 60 லட்சத்துக்கு விற்கிறது என்று கொள்வோம். அந்த ஆண்டுக் குறியீடு 376, 2001-02க்கு 100. பழைய வழியில் அடக்கவிலை 11.28 லட்சம், லாபம் 48.72 லட்சம், வரி 9.74 லட்சம். புதிய வழியில் லாபம் 57 லட்சம், வரி 7.12 லட்சம். செஸ் தனி. அதே மனை 2001இல் 10 லட்சமாக இருந்து இன்று 50 லட்சத்துக்குத்தான் போகிறது என்றால் கணக்கு தலைகீழ்: பழைய வழியில் 2.48 லட்சம், புதிய வழியில் 5 லட்சம். 2001 மதிப்பைப்போல் எட்டே கால் மடங்குக்குச் சற்று மேல் விலை போனால் புதிய வழி லாபம், அதற்குக் கீழே பழைய வழி. புறநகர் மனைகளில் பெரும்பாலும் முன்னது, நகரின் நடுவே ஏற்கெனவே விலை ஏறியிருந்த இடங்களில் பின்னது.

"12 லட்சம் வரைக்கும் வரி இல்லை என்றார்களே" என்று இங்கே ஒரு குரல் வரும். அந்தத் தள்ளுபடி இந்த ஆதாயத்துக்குப் பொருந்தாது. ஆனால் வேறு வருமானமே இல்லாத தங்கையின் பங்கில், அவருடைய 4 லட்சம் வரம்பைக் கழித்துக்கொண்டு மீதிக்கு வரி கட்டலாம். லாபத்தைக் கடன் பத்திரங்களில் போட்டு விலக்குப் பெறும் பிரிவு 54இசி-யின் 50 லட்ச வரம்பும் தலைக்கு ஒன்று. பங்குகளாக இருந்தால் ஆண்டுக்கு 1.25 லட்ச விலக்கும் அப்படியே. எனவே எல்லாவற்றையும் அம்மா பெயரில் விற்றுவிட்டுப் பணத்தைப் பிரிப்பதைவிட, முதலில் அவரவர் பெயருக்கு மாற்றிக்கொண்டு பிறகு விற்பது பெரும்பாலும் மலிவு.

டெல்டா பக்கத்து வயல்களுக்கு இந்தக் கணக்கே தேவைப்படாமல் போகலாம். கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்தாகவே கருதப்படாது, விற்றால் வரி இல்லை. எது கிராமப்புறம் என்பதைத் தூரம் முடிவு செய்கிறது: மக்கள்தொகை ஒரு லட்சம் வரை உள்ள நகராட்சி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கு மேல் 8, வான்வழி அளவில்; இந்தத் தூரத்துக்கு அப்பால் இருந்தால்தான் கிராமப்புறம். நகராட்சியும் மாநகராட்சியும் பக்கத்து ஊராட்சிகளை விழுங்கி எல்லையை நீட்டும் ஒவ்வொரு முறையும், நேற்று வரை வரியில்லாமல் இருந்த ஒரு வயல் வரி வட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

அம்மாவின் நகைகளைப் பெண்கள் பிரித்துக்கொள்வதற்கு வரி இல்லை. திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், ஆகாதவருக்கு 250, ஆணுக்கு 100 என்று எல்லோரும் சொல்லும் அளவு, சோதனையின்போது அந்த அளவுக்குள் இருக்கும் நகைகளைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று அதிகாரிகளுக்கு 1994இல் சொல்லப்பட்டது. வைத்துக்கொள்வதற்கான உச்சவரம்பு என்று எதுவும் கிடையாது. எங்கிருந்து வந்தது என்று காட்ட முடிந்தால் போதும். உயிலில் நகைகளுக்கு நான்கு வரி எழுதிவைப்பது அதற்கு உதவும்.

கடைசியாக, வெளியூரில் இருப்பவர். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் அண்ணன் பங்கும் சேர்த்து வீடு விற்கும்போது, ஊரில் இருக்கும் தம்பியின் பங்குக்கு வாங்குகிறவர் பிடிப்பது 1 சதவீதம், அதுவும் விலை 50 லட்சத்தைத் தொட்டால்தான். அண்ணனின் பங்குக்கு 12.5 சதவீதமும் அதன் மேல் சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகளும் பிடிக்க வேண்டும். லாபம் எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரியாததால் வழக்கமாக முழு விலைக்குமே பிடித்துவிடுவார். குறியீட்டு வழி வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கிடையாது. லாபத்துக்கு மட்டும் பிடித்தால் போதும் என்று வரித்துறையிடம் ஒரு சான்றிதழ் வாங்கலாம். அது கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், முன்பணம் வாங்கிப் பத்திரப் பதிவுக்கு நாள் குறிக்கும் முன்பே அண்ணன் அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.